கோரா, குழுவா, முனையா? 1939இல் போலந்து எதைத் தேர்ந்திருக்க வேண்டும்

1939 செப்டம்பர் 1 விடிகாலையில் ஜெர்மனி எல்லையைத் தாண்டியபோது, போலந்தின் தலைமைத் தளபதி மார்ஷல் எட்வார்ட் ரிட்ஸ்-ஷ்மிக்விக்கு நேரடியாகக் கீழே ஏழு ஆர்மிகள் (பல டிவிஷன்கள் சேர்ந்த களப்படைகள்) இருந்தன: மோட்லின், போமொஷே, பொஸ்னான், வூச் (பழைய வரைபடங்களில் லோட்ஸ்), கிராக்கோ, கார்பாட்டி, அப்புறம் பின்னால் இருப்பாக வைத்திருந்த ப்ரூசி. இவை போக நாரெவ், விஷ்குஃப் என்று இரண்டு தனிக் குழுக்கள், கடற்கரைப் பாதுகாப்பு வேறு. ஏறத்தாழ பத்துத் தளபதிகள். நடுவில் யாரும் கிடையாது. எல்லோரும் வார்சாவில் இருந்த அந்த ஒருவரைக் கேட்டுத்தான் நகர வேண்டும். எதிர்ப்பக்கம் ஜெர்மானியத் தரைப்படைத் தலைமைக்கு அந்தத் தொல்லையே இல்லை. அது பேச வேண்டியது வடக்கே போக், தெற்கே ருண்ட்ஷ்டெட் என்று இரண்டே பேரிடம். அந்த இருவருக்குக் கீழே ஐந்து ஆர்மிகள், ஆர்மிக்குக் கீழே கோர்கள், கோருக்குக் கீழே டிவிஷன்கள்.

போலந்தில் மேலேயும் ஒரு படி இல்லை, கீழேயும் ஒரு படி இல்லை. மேலே இல்லாதது, இரண்டு மூன்று ஆர்மிகளைச் சேர்த்து நடத்தும் போர்முனைத் தலைமை. கீழே இல்லாதது, இரண்டு மூன்று டிவிஷன்களைச் சேர்த்து நடத்தும் கோர். அந்தத் தோல்வியைப் பற்றிப் பேசும் பலர் டாங்கி, விமானம், பின்னால் வந்த சோவியத் படை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் இருந்த படையை எப்படிக் கட்டுவது என்ற முடிவு போலந்துத் தலைமையின் கையிலேயே இருந்தது. ஜெர்மனியை எதிர்கொள்ள வகுத்த மேற்குத் திட்டத்தின் வேலை 1939 மார்ச் 4இல் தொடங்கியது, கையில் ஆறு மாதம் இருந்தது. அந்த ஆறு மாதத்தில் தேர்ந்தெடுக்க மூன்று வழிகள் இருந்தன என்பது என் கணக்கு. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

முதலில் சுமை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். போர்க்காலப் போலந்துக் காலாட்படை டிவிஷன் என்றால் ஏறத்தாழ 16,500 ஆட்கள், 7,000க்குச் சற்றுக் குறைவான குதிரைகள். மூன்று காலாட்படை ரெஜிமென்ட், ஒரு இலகு பீரங்கி ரெஜிமென்ட், கூடவே சின்னதாக ஒரு கனரகப் பீரங்கிப் பிரிவு, டாங்கிக்கு எதிராக 37 மிமீ போஃபர்ஸ் பீரங்கி 27. ஒரே சாலையில் நடக்கவிட்டால் தலை ஒரு ஊரில் இருக்கும்போது வால் முந்தைய ஊரைக்கூடத் தாண்டியிருக்காது. ஓட்ஸ் தீர்ந்தால் குதிரை நிற்கும், குதிரை நின்றால் பீரங்கி நிற்கும். இப்படி நான்கைந்து டிவிஷன், ஒன்றிரண்டு குதிரைப்படை பிரிகேட், பொறியாளர்கள், விமானப் பிரிவு, மருத்துவம், ரயில் எல்லாவற்றையும் ஒரு ஆர்மித் தளபதி நேரடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோர் என்ற வழி

பாடப்புத்தக விடை இதுதான். பிரான்ஸ் அப்படித்தான் வைத்திருந்தது, ஜெர்மனியும் அப்படித்தான். பாரிஸில் படித்துவந்த போலந்து அதிகாரிகளுக்கு இது புதிதே இல்லை. நிரந்தரத் தலைமைப் பணியகம், தனித் தகவல்தொடர்புப் பட்டாளம், தனிக் கனரகப் பீரங்கி. முக்கியமாக, தளபதியும் அவருக்குக் கீழே உள்ள டிவிஷன் தளபதிகளும் சமாதான காலத்திலேயே ஒன்றாகப் பயிற்சி செய்து, ஒருவர் குரலை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குப் பழகியிருப்பார்கள்.

போலந்து ராணுவத்தில் கோர் என்ற சொல் இல்லாமல் இல்லை, நாடு முழுக்க இருந்தது. வார்சா, லூப்ளின், க்ரோட்னோ, வூச், கிராக்கோ, ல்வூஃப், பொஸ்னான், டோருன், ப்ரெஸ்ட், ப்ஷெமிஷ்ல் என்று பத்து ஊர்களில் கோர் வட்டத் தலைமையகங்கள் இயங்கின. முதல் முறை படிக்கிறவர்கள் இவற்றைக் களப்படை என்று நினைத்துவிடுவார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அவை ஆள் சேர்ப்பு, குடியிருப்பு, கிடங்கு, பயிற்சி, படைதிரட்டல் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்ட வட்டார நிர்வாகங்கள். போர் வந்தால் அவை கோராக மாறிக் களத்துக்குப் போகாது. போரில் ஆர்மியை நடத்தப்போகிறவர்கள் வேறு ஆட்கள், ஆயுதப்படைகளின் பொது ஆய்வாளர் அலுவலகத்தில் இருந்த ஆர்மி ஆய்வாளர்கள். நிர்வாகம் ஒரு வரிசை, போர் இன்னொரு வரிசை.

சரி, அப்படியானால் ஏன் கோர் அமைக்கவில்லை? கணக்குப் போட்டால் புரியும். சமாதான காலத்தில் 30 காலாட்படை டிவிஷன், போருக்கு அதற்கு மேல் இருப்பு டிவிஷன்கள். மூன்றுக்கு ஒரு கோர் என்றால் பத்துப் பன்னிரண்டு முழுத் தலைமைப் பணியகங்கள் வேண்டும். அத்தனை தலைமைப் பணி அதிகாரிகள் கிடையாது. அத்தனை வானொலிக் கருவியும் இல்லை, போருக்கு நம்பியிருந்ததே பெரும்பாலும் அஞ்சல்துறையின் தொலைபேசிக் கம்பிகளைத்தான். கோருக்குக் கொடுக்கக் கனரகப் பீரங்கியும் கொஞ்சம்தான். எதுவும் இல்லாமல் பெயரை மட்டும் வைத்தால் அந்தக் கோர் கட்டளையைத் தாமதப்படுத்தும் இன்னொரு மேசையாகத்தான் இருந்திருக்கும். ஆகவே கோரை வேண்டாம் என்று ஒதுக்கியதில் நான் தப்பு சொல்லமாட்டேன். 1930இல் தொடங்கியிருந்தால் வேறு பேச்சு. 1939 மார்ச்சில் அது முடியாத காரியம்.

நடவடிக்கைக் குழு என்ற வழி

போலந்து எடுத்தது இதை. ஆர்மித் தளபதி தேவை வரும்போது இரண்டு டிவிஷனையும் ஒரு குதிரைப்படை பிரிகேடையும் சேர்த்து ஒரு ஜெனரலிடம் கொடுப்பார், அந்த ஜெனரலின் பெயரோ ஊரின் பெயரோ குழுவுக்குப் பெயராகிவிடும். வேலை முடிந்தால் கலைக்கலாம், கூட்டலாம், குறைக்கலாம். சில குழுக்கள் போருக்கு முன்பே திட்டத்தில் இருந்தன, சில போரின் நடுவில் பிறந்தன.

இந்தப் பழக்கம் வந்தது 1920 போலந்து–சோவியத் போரிலிருந்து. நீண்ட எல்லை, குறைந்த ஆட்கள், தினமும் நகரும் போர்முனை. அங்கே கையில் கிடைத்ததைச் சேர்த்துக் குழு அமைத்து அடித்தவர்கள் ஜெயித்தார்கள். அந்தப் போரில் இளம் அதிகாரிகளாக இருந்தவர்கள்தான் 1939இல் ஜெனரல்கள். ஜெயித்த பழக்கத்தை யார்தான் விடுவார்கள்?

குழுவின் பலவீனம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. பணியகம் சின்னது, தனி வழங்கல் கிடையாது. டிவிஷன் தளபதி தோட்டாவுக்கும் ரொட்டிக்கும் நேராக ஆர்மியைப் பார்க்கிறார், கட்டளைக்கு மட்டும் குழுவைப் பார்க்கிறார். இரண்டு எஜமானுக்கு நடுவில் நிற்கிறவன் பாடு நமக்குத் தெரிந்ததுதானே. போமொஷே ஆர்மியில் செர்ஸ்க் குழுவும் அதைச் சேர்ந்த படைகளும் கடலோர இடைவழியில் ஜெர்மானிய ஜெனரல் குடேரியனின் 19வது கோரிடம் மாட்டிச் சிதறியபோது, யார் யாருக்குக் கட்டளை இடுவது என்பதே பல மணி நேரம் கலங்கிக் கிடந்தது.

ஆனால் குழுவுக்கு ஆதரவாகவும் வலுவான சாட்சி இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது ஜெனரல் விக்டர் தோம்மேயின் கதை. வூச் ஆர்மியில் பியோட்ர்குஃப் குழு அவருடையது. செப்டம்பர் 6 அன்று ஆர்மித் தலைமையகம் குண்டுவீச்சில் சிக்கியது. ஆர்மித் தளபதி யூலியுஷ் ரோம்மெல் (ஜெர்மானிய ரொம்மெல் வேறு ஆள்) படைகளோடு தொடர்பு அறுந்து கடைசியில் வார்சா போய்ச் சேர்ந்தார், 8ஆம் தேதி அங்கே புதிய வார்சா ஆர்மிக்குத் தளபதியும் ஆனார். தலை போன வூச் ஆர்மி அந்த இடத்திலேயே கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை. ஏனென்றால் அங்கே தோம்மே இருந்தார், சின்னதோ பெரியதோ ஓடிக்கொண்டிருந்த ஒரு பணியகம் அவரிடம் இருந்தது. மிச்சமிருந்த டிவிஷன்களைக் கையில் எடுத்து, பின்வாங்கிப் பின்வாங்கிச் சண்டை போட்டு மோட்லின் கோட்டைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தக் கோட்டை செப்டம்பர் 29 வரை நின்றது, வார்சா சரணடைந்த பிறகும். டிவிஷனுக்கும் ஆர்மிக்கும் நடுவில் ஒரு படி, அது அரைகுறையாக இருந்தாலும் எவ்வளவு தாங்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொருவர் ஃப்ரான்சிஷெக் க்லேபெர்க். முன்பு சொன்ன வட்டார நிர்வாகங்களில் ஒன்றான ப்ரெஸ்ட் வட்டத்தின் தலைவர் அவர். போரின் நடுவில், கிடங்குக் காவலர்கள், பாதி திரட்டிய பட்டாளங்கள், தோற்று வந்த சிதறல்கள் எல்லாவற்றையும் கூட்டி பொலேசியே குழுவைக் கட்டினார். அதற்குள் 50, 60 என்று எண் போட்டு இரண்டு புதிய டிவிஷன்களையே உருவாக்கினார். அக்டோபர் 2 முதல் 5 வரை கொட்ஸ்க் அருகே ஜெர்மானிய மோட்டார் டிவிஷன்களோடு மோதி, தோட்டா தீர்ந்த பிறகுதான் 6ஆம் தேதி ஆயுதத்தைக் கீழே வைத்தார். அந்தப் போரில் கடைசியாகச் சரணடைந்த பெரிய அணி ஒரு நடவடிக்கைக் குழு. நிர்வாக மேசையிலிருந்து வந்த ஒருவரால் இதைச் செய்ய முடிந்திருக்கிறது என்றால், மற்ற ஒன்பது வட்டங்களின் பணியகங்களையும் கோடையிலேயே குழுப் பணியகங்களாகத் தயார் செய்திருக்கலாமே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

கோர் இல்லாததே பெரிய குற்றம் என்று வாதிடுகிறவர்கள் சோவியத் கதையையும் பார்க்க வேண்டும். 1941 ஜூலை 15 அன்று, ஜெர்மானியத் தாக்குதலின் நான்காவது வாரத்தில், செஞ்சேனை தன் ரைஃபிள் கோர்களையே கலைக்க உத்தரவிட்டது. காரணம் போலந்தின் காரணமேதான்: தேர்ந்த தளபதிகளும் பணியக அதிகாரிகளும் தகவல்தொடர்புக் கருவிகளும் போதவில்லை. ஐந்தாறு டிவிஷன்கள் கொண்ட சின்ன ஆர்மிகள், நேரடிக் கட்டளை. பிறகு ஆட்களும் அனுபவமும் சேர்ந்தபோது 1942, 43இல் கோர்கள் திரும்ப வந்தன. சோவியத் பக்கம் உருவான போலந்து 1வது ஆர்மியும் ஐந்து காலாட்படை டிவிஷன்களைக் கோர் இல்லாமலேதான் நடத்தியது. ஆக, இல்லாதவன் வீட்டில் இது செல்லுபடியாகும் ஏற்பாடுதான். ஒரே ஒரு வேறுபாடு: செஞ்சேனை கோரை நீக்கியதே தவிர, முனைத் தலைமையை நீக்கவில்லை.

முனை என்ற வழி

நான் சொல்ல வந்ததே இதைத்தான். போலந்தின் ஆர்மி என்பது பெயருக்குத்தான் ஆர்மி. மோட்லின் ஆர்மியில் இருந்தவை இரண்டு காலாட்படை டிவிஷன்களும் இரண்டு குதிரைப்படை பிரிகேடுகளும், பொஸ்னானில் நான்கு டிவிஷன்களும் இரண்டு பிரிகேடுகளும். இதை ஜெர்மனியில் பெரிய கோர் என்பார்கள். அப்படிப் பார்த்தால் போலந்தில் கோர் மட்டம் ஏற்கெனவே இருந்தது, ஆர்மி என்ற பெயரில். உண்மையான ஆர்மி மட்டம்தான் இல்லை. அதற்கு மேலே நேரே மார்ஷல்.

இது களத்தில் எப்படித் தெரிந்தது என்று இரண்டு இடங்களைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

முதல் இடம் சென்ஸ்டஹோவா. அந்த நகரத்தைக் காத்தது 7வது காலாட்படை டிவிஷன், அது கிராக்கோ ஆர்மியின் வடக்கு ஓரம். வடமேற்கே 20 கிலோமீட்டர் சொச்சத்தில் மோக்ரா கிராமம், அங்கே கர்னல் யூலியன் ஃபிலிபோவிச்சின் வோலின் குதிரைப்படை பிரிகேட், அது வூச் ஆர்மியின் தெற்கு ஓரம். செப்டம்பர் 1 அன்று அந்தப் பிரிகேட் குதிரையை விட்டிறங்கி, பதுங்குகுழியில் போஃபர்ஸ் பீரங்கியோடு உட்கார்ந்து, ரயில்பாதையில் ஷ்மியாவி என்ற கவச ரயிலின் துணையோடு ஜெர்மனியின் 4வது பான்சர் (டாங்கி) டிவிஷனை நாள் முழுக்க நிறுத்தி வைத்தது. இரவில் பின்வாங்கியது. பக்கத்து டிவிஷனுக்கும் இந்தப் பிரிகேடுக்கும் நடுவில் விரிந்துகொண்டே போன இடைவெளி யாருடைய பொறுப்பு? இரண்டு அண்டை வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான பெரியவர் வார்சாவில் இருக்கிற மார்ஷல் மட்டும்தான். அந்த ஓட்டையில் ஜெர்மானிய ஜெனரல் ஹோப்னரின் 16வது கோர் நுழைந்தது. 7வது டிவிஷன் சுற்றிவளைக்கப்பட்டு 4ஆம் தேதிக்குள் முடிந்துபோனது, அதன் தளபதி ஜெனரல் யானுஷ் கொன்ஷியொரோவ்ஸ்கி சிறைப்பட்டார். 5ஆம் தேதி பியோட்ர்குஃப் விழுந்தது. 8ஆம் தேதி 4வது பான்சர் வார்சாவின் ஒஹோட்டா பகுதியை எட்டிவிட்டது. ஒரு வாரம்!

இந்த ஓட்டையை அடைக்கத்தான் ப்ரூசி ஆர்மி பின்னால் இருந்தது. ஆனால் அது இன்னும் திரண்டுகொண்டிருந்தது. பிரிட்டன், பிரான்ஸின் வற்புறுத்தலால் ஆகஸ்ட் 29 அறிவித்த பொதுத் திரட்டலை நிறுத்தி மறுநாள் திரும்ப அறிவித்த குழப்பமும் அதில் சேர்ந்துகொண்டது. திரண்ட வரைக்கும் இருந்ததைக்கூட வூச் ஆர்மியோடு ஒருங்கிணைக்க அங்கே பக்கத்தில் அதிகாரமுள்ள ஒருவர் இல்லை.

இரண்டாவது இடம் ப்சூரா. ஜெனரல் ததேயுஷ் குட்ஷெபாவின் பொஸ்னான் ஆர்மியைப் போரின் முதல் நாட்களில் ஜெர்மானியர் பெரிதாகத் தொடவே இல்லை. தெற்கே வூச் ஆர்மி அடி வாங்கிக்கொண்டிருக்க, அதை அடிக்கும் ஜெர்மானிய 8வது ஆர்மியின் விலாப்புறம் குட்ஷெபாவின் முன்னால் திறந்து கிடந்தது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வார்சாவின் உயர் போர்க் கல்லூரியை நடத்தியவருக்கு இது தெரியாமல் இருக்குமா? தாக்க அனுமதி கேட்டார். மேலிடம் மறுத்தது, பின்வாங்கச் சொன்னது. அனுமதி 8ஆம் தேதிதான் வந்தது. 9ஆம் தேதி மாலை ஜெனரல் க்னோல்-கோவ்னாட்ஸ்கியின் குழு, 14, 17, 25 என்ற மூன்று டிவிஷன்களோடு ப்சூரா ஆற்றைத் தாண்டி, நீளமாகப் பரவி நின்ற ஜெர்மானிய 30வது டிவிஷன் மீது விழுந்தது. வென்சிட்சா மீட்கப்பட்டது, ஆயிரத்துக்கு மேல் ஜெர்மானியர் சிறைப்பட்டனர். வார்சாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பெரும்படைகள் திரும்பி வர வேண்டியதாயிற்று. நன்றாகக் கவனியுங்கள், அடித்தது நாம் குறை சொல்லிக்கொண்டிருந்த நடவடிக்கைக் குழுதான். குழு தன் வேலையைச் செய்தது. தப்பு நேரத்தில். அந்த நான்கைந்து நாளைத் தின்றது மேலே இருந்த வெற்றிடம்.

பிறகு போமொஷே ஆர்மியும் வந்து சேர்ந்தது. குட்ஷெபா இரண்டையும் சேர்த்து நடத்தினார், ஆனால் அதற்கென்று ஒரு பணியகம் கிடையாது, தன் ஆர்மி அதிகாரிகளையே இரட்டை வேலை வாங்கினார். 14ஆம் தேதி வோவிச் பக்கம் போமொஷே டிவிஷன்கள் ஆற்றைத் தாண்டி முன்னேறியபோது, ஜெர்மானிய டாங்கிகள் வருகின்றன என்ற செய்தியில் போமொஷேத் தளபதி போர்ட்னோவ்ஸ்கி 26வது டிவிஷனைப் பின்வாங்கச் சொன்னார், அத்தோடு அந்தத் தாக்குதல் தளர்ந்தது. இரண்டு ஆர்மியையும் முதல் நாளிலிருந்தே ஒருவர் நடத்தியிருந்தால், அந்தக் கையும் பணியகமும் ஒன்றுக்கொன்று பழகியிருந்தால், அங்கே அவ்வளவு தடுமாற்றம் இருந்திருக்காது.

மனதை உறுத்துவது என்னவென்றால், ரிட்ஸ்-ஷ்மிக்விக்கு முனை என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். 1920 ஆகஸ்டில் போலந்துப் படை மூன்று முனைகளாகப் பிரிக்கப்பட்டபோது நடு முனைக்குத் தளபதி அவர்தான். வடக்கே ஹாலர், தெற்கே இவாஷ்கியெவிச். வார்சாவைக் காத்த திட்டம் அந்த ஏற்பாட்டின் மேல்தான் நின்றது. அந்தப் போரிலிருந்து குழு என்ற பழக்கத்தை எடுத்துக்கொண்டு முனை என்ற பாதியை விட்டுவிட்டார்கள். எல்லாக் கயிறும் தன் கையில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு காரணம். ரகசியம் இன்னொன்று: ஆர்மித் தளபதிகளுக்குத் தங்கள் பங்கு மட்டுமே சொல்லப்பட்டது, முழுத் திட்டம் சொல்லப்படவில்லை. பக்கத்து ஆர்மி என்ன செய்யப்போகிறது என்று தெரியாதவர்களுக்கு நடுவில்தான் ஒரு பொதுத் தலைமை ரொம்ப அவசியம். அப்புறம் 6ஆம் தேதி இரவு மார்ஷல் வார்சாவை விட்டு ப்ரெஸ்டுக்குப் புறப்பட்டார். பணியகத் தலைவர் ஸ்டாகியெவிச் சில நாட்கள் வார்சாவிலேயே இருந்தார். தலைமை இரண்டு துண்டானது. பத்துத் தளபதிகளையும் கட்டியிருந்த ஒரே முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

கோர் என்ற முதல் வழி போலந்துக்காரர்களுக்கு ஒத்துவராது என்று இதைப் படித்து நினைத்துவிட வேண்டாம். பிரிட்டிஷ் தலைமையின் கீழ் போரிட்ட ஜெனரல் ஆண்டெர்ஸின் 2வது போலந்துக் கோர் 1944 மே மாதம் இத்தாலியின் மோன்டே காசினோவில் நடத்திய சண்டை அதற்குப் பதில். 12ஆம் தேதி அதிகாலைத் தாக்குதல் கடும் இழப்போடு தோற்றது, 17ஆம் தேதி அதே இரண்டு டிவிஷன்களைத் திரட்டி மறுபடி ஏறினார்கள், 18ஆம் தேதி காலை மடத்தின் இடிபாட்டில் கொடி பறந்தது. தோற்ற படையை ஐந்து நாளில் மறுபடி நிறுத்த, பீரங்கி, வழங்கல், தகவல்தொடர்பு எல்லாம் ஒரே தலைமையின் கீழ் இருக்க வேண்டும். அது பிரிட்டிஷ் கிடங்கிலிருந்து வந்தது. (அதே மலையில் பிப்ரவரியில் 4வது இந்திய டிவிஷன் மோதிப் பார்த்தது, அதில் நம் மெட்ராஸ் சாப்பர்ஸும் இருந்தார்கள்.) லாரியும் வானொலியும் இருந்தால் கோர். 1939இல் அவை இல்லை.

ஆகவே என் தேர்வு: சின்ன ஆர்மிகளை அப்படியே விடலாம், குழுக்களையும் விடலாம், ஆனால் குழுப் பணியகங்களைக் கோடையிலேயே வட்ட நிர்வாகங்களிலிருந்து நிரந்தரமாக நியமிக்க வேண்டும். மேலே இரண்டு முனைகள். போமொஷே, பொஸ்னான், வூச் மூன்றும் ஒருவரிடம், அது குட்ஷெபா. கிராக்கோ, கார்பாட்டி, ப்ரூசி இன்னொருவரிடம், அது ஜெனரல் சொஸ்ன்கோவ்ஸ்கி. வடகிழக்கு நேராக மார்ஷலிடம். இதற்குத் தேவை இரண்டு முழுப் பணியகங்கள்தான், பன்னிரண்டு இல்லை. கம்பி அறுந்தால் முனையும் ஊமையாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகும், ஆனால் முனைத் தளபதி தன் ஆர்மிகளிலிருந்து ஒரு கார்ப் பயண தூரத்தில் இருப்பார், வார்சாவிலோ ப்ரெஸ்டிலோ இருக்கமாட்டார். போரே ஜெயித்திருக்குமா? இல்லை. மேற்கே பிரான்ஸ் அசையவில்லை, 17ஆம் தேதி கிழக்கிலிருந்து சோவியத் படை வந்துவிட்டது. சென்ஸ்டஹோவா ஓட்டை இரண்டு நாள் தாமதமாகத் திறந்திருக்கும், ப்சூரா நான்கு நாள் முன்னதாகத் தொடங்கியிருக்கும். அதன் மதிப்பு அந்தச் சாலைகளில் பின்வாங்கி நடந்த ஆட்களுக்குத் தெரியும்.

முனைகளை அமைக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. போர் தொடங்கிப் பத்து நாள் கழித்து அமைத்தார்கள். வடக்கு முனை டொம்ப்-பியெர்னாட்ஸ்கிக்கு, தெற்கு முனை கசிமியெஷ் சொஸ்ன்கோவ்ஸ்கிக்கு. சொஸ்ன்கோவ்ஸ்கி விரல்விட்டு எண்ணக்கூடிய அதிகாரிகளோடு ப்ஷெமிஷ்ல் பக்கம் வந்து சேர்ந்தபோது, அவர் கைக்கு எட்டியவை 11, 24, 38 என்ற மூன்று தேய்ந்த டிவிஷன்கள். முனைத் தளபதி என்ற பட்டத்தோடு அவர் அந்த டிவிஷன்களின் நடைவரிசையிலேயே ல்வூஃபை நோக்கி நடந்தார். 15ஆம் தேதி இரவு யாவொருஃப் காட்டோரம் 11வது டிவிஷன், சத்தம் எழாதபடி துப்பாக்கியை வெடிக்காமல் பயனெட்டோடு பாய்ந்து, நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்எஸ்ஸின் கெர்மானியா ரெஜிமென்டின் பெரும்பகுதியை அழித்தது. விடிந்தபோது எரிந்த லாரிகளும் கைவிட்ட பீரங்கிகளும் சாலையெங்கும் கிடந்தன. அந்த வெற்றியை அடுத்து எந்த ஆர்மியோடு கோர்ப்பது என்று சொஸ்ன்கோவ்ஸ்கி கேட்கவும் ஆள் இல்லை, அவருக்குக் கீழே கோர்க்க ஒரு ஆர்மியும் இல்லை.